ஒரு காதில் கருவி, மறு காதில் பிஸ்டன்: ஓட்டோஸ்கிளிரோசிஸ் சிகிச்சைகள் பற்றிய ஒரு மதிப்புரை

ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்னும் பரம்பரை எலும்பு நோயால் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு மருத்துவம் இன்று தரக்கூடிய முதன்மையான சேவைகள் இரண்டு. ஒன்று காது கேட்கும் கருவி. மற்றொன்று ஸ்டேபிடாட்டமி என்னும் நுண் அறுவை சிகிச்சை. என் வலக் காதில் கருவியும், இடக் காதில் அறுவை சிகிச்சையின்போது பொருத்தப்பட்ட பிஸ்டன் என்னும் நுண்ணிய செயற்கை உறுப்பும் இருப்பதால், இரண்டின் நிறைகுறைகளையும் அன்றாடம் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமைந்திருக்கிறது. இந்த மதிப்புரையில் எந்த மையத்தின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இடம்பெறாது. இந்த நோய்க்கு நல்ல சேவை எப்படி இருக்க வேண்டும், அதை நோயாளி எப்படி அடையாளம் காண வேண்டும் என்பதே என் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவியும் நல்ல சிகிச்சைதான், அறுவையும் நல்ல சிகிச்சைதான், ஆனால் பரிசோதனை சரியாக நடக்காவிட்டால் இரண்டுமே வீண். ஆகவே பரிசோதனையைப் பற்றித்தான் நான் சற்று அதிகமாக எழுதப்போகிறேன்.

அதற்கு முன் நோயைப் பற்றிச் சில செய்திகள். நம் உடலிலுள்ள மற்ற எலும்புகள் வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. உட்காதைச் சூழ்ந்திருக்கும் எலும்புக் கூடு மட்டும் அப்படியன்று. ஒருமுறை முழுமையாக உருவானபின் அது பெரும்பாலும் மாறாமல் நிலைத்துவிடுகிறது. ஓட்டோஸ்கிளிரோசிஸ் வந்தவர்களுக்கு இந்த அமைதி குலைகிறது. உறுதியான எலும்பு அங்கங்கே கரைந்து, இரத்தக் குழாய்கள் மிகுந்த பஞ்சுபோன்ற எலும்பு அவ்விடத்தில் தோன்றி, காலப்போக்கில் அது இறுகிக் கெட்டிப்படுகிறது. நடுக்காதிலிருந்து உட்காதுக்குள் திறக்கும் நீள்வட்டச் சாளரத்தின் முன்விளிம்பில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். அந்தச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் அங்கவடி எலும்பு உடலிலேயே மிகச் சிறியது. உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் கடத்தி வர, அங்கவடி எலும்பின் அடித்தட்டு முன்னும் பின்னும் அசைந்து அதனை உட்காதின் திரவத்துக்குள் செலுத்துகிறது. நோயுற்ற எலும்பு அந்த அடித்தட்டைச் சாளரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால், ஒலி வாசல்வரை வந்து நின்றுவிடும். உட்காதின் நரம்புப் பகுதி நன்றாக இருந்தும் நமக்குக் கேட்காது.

எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இந்த நோய் இருந்தது. மரபணு வழியில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்னும் வகையைச் சேர்ந்தது இது. ஆனாலும் மரபைப் பெற்ற எல்லோருக்கும் நோய் வெளிப்படுவதில்லை. அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கே அறிகுறிகள் தோன்றும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அதனால்தான் ஒரு தலைமுறையில் காணாமல் போய் அடுத்த தலைமுறையில் தலைகாட்டுகிறது. குடும்பத்தில் யாருக்குமே இல்லாத நிலையில் வருபவர்களும் பலர் உண்டு. மருத்துவரிடம் வருவோரில் பெண்கள் ஆண்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரும்பாலும் 20 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இரண்டு காதுகளிலும் வருகிறது. தட்டம்மை வைரஸுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கருதி வருகிறார்கள். பிள்ளைப்பேறு நோயைத் தீவிரமாக்கும் என்ற கருத்தோ மருத்துவர்களிடையே இன்னும் விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது. அதைக் காரணம் காட்டிப் பிள்ளை பெறுவது பற்றி ஒரு பெண்ணை அச்சுறுத்துவதை நான் கடுமையாக மறுக்கிறேன். என் அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுப் பல ஆண்டுகள் மனம் வருந்தியவர்.

நோயின் அடையாளங்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் அவற்றைச் சொன்ன மாத்திரத்தில் அனுபவமுள்ள காது மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். ஒன்று, அமைதியான அறையைவிட இரைச்சலான இடத்தில் மற்றவர் பேசுவது நன்றாகப் புரிவது. இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவார்கள். அந்த இரைச்சலோ நமக்குப் பாதிதான் கேட்கும். மற்றொன்று, நமது குரல் தாழ்ந்துகொண்டே போவது. நரம்புக் கோளாறால் காது கேளாதவர்கள் பெரும்பாலும் உரக்கப் பேசுவார்கள். நமக்கோ சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்ளே பலமாகக் கேட்பதால், எதிரில் இருப்பவருக்கு எட்டாத அளவுக்கு மெதுவாகப் பேசிவிடுவோம். இவற்றோடு காதுக்குள் இரைச்சல் பலருக்கு உண்டு. சிலருக்குத் தலைச்சுற்றலும் வருவதுண்டு.

இனிப் பரிசோதனைச் சேவை. நான் முதலில் சென்ற கருவி விற்பனை மையத்தில், காதில் ஹெட்போனை வைத்து ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அது காற்றுவழிப் பரிசோதனை மட்டுமே. மண்டையெலும்பின் வழியாக அதிர்வைச் செலுத்திப் பார்க்கும் எலும்புவழிப் பரிசோதனை செய்யவில்லை, செவிப்பறையின் அசைவை அளக்கவில்லை, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வயதாகும்போது நரம்பு தளர்வது இயல்புதான்” என்று சொல்லி, அன்றே ஒரு கருவியை எடுத்துக் காட்டினார்கள். ஐந்துக்கு ஒன்று என்பதற்கு மேல் அந்தச் சேவைக்கு என்னால் தர முடியாது. நரம்புக் கோளாறு என்று ஒருவர் சொல்லிவிட்டால், அறுவை சிகிச்சை என்ற வழி இருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போய்விடும். இது சிறிய தவறு அன்று.

பிறகு சென்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், எந்த இயந்திரத்தையும் தொடுவதற்கு முன் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றை எடுத்தார். அதைத் தட்டி என் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, பிறகு காதுக்கு எதிரே பிடித்து, “எங்கே பலமாகக் கேட்கிறது?” என்றார். எலும்பில் வைத்தபோதுதான் பலமாகக் கேட்டது. இயல்பான காதுக்கும் நரம்புக் கோளாறு உள்ள காதுக்கும் காற்றில்தான் பலமாகக் கேட்க வேண்டும். அடுத்து நெற்றியின் நடுவில் வைத்தார். அந்த ஒலி, எனக்கு அதிகமாகக் கேட்காத இடக் காதிலேயே பலமாக எழுந்தது. கடத்துவதில் தடை இருக்கும் காதில்தான் அப்படி எழும். இசைக்கவையைத் தெரிந்து பயன்படுத்தும் மருத்துவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று நம்பலாம்.

அதன்பின் ஒலிபுகா அறையில் முழுமையான ஆடியோமெட்ரி, அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, நடந்தது. இதில் நோயாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பின் வழியாகத் தரும் ஒலி மண்டையோட்டில் பரவி இரண்டு உட்காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் எட்டிவிடும். எந்தக் காது கேட்டது என்று நமக்கே தெரியாது. ஆகவே ஒரு காதைச் சோதிக்கும்போது மற்ற காதில் இரைச்சலைச் செலுத்தி அதனை மறைக்க வேண்டும். அப்படி மறைக்காமல் எடுத்த ஆடியோகிராமை (அச்சோதனையின் வரைபடத்தை) நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. என் இடக் காதில் காற்றுவழி கேட்கும் எல்லை, அதாவது ஒலி கேட்கத் தொடங்கும் அளவு, 55 டெசிபலாக இருந்தது. எலும்புவழி எல்லை 15 டெசிபல். இடையிலுள்ள 40 டெசிபல் இடைவெளிதான், அசையாத அங்கவடி எலும்பால் நான் இழந்த ஒலி. எலும்புவழிக் கோடு 2000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் சற்றுக் கீழே இறங்கி மீண்டும் ஏறியிருந்தது. கார்ஹார்ட் பள்ளம் என்று மருத்துவர்கள் சொல்லும் இது, இந்நோயில் அடிக்கடி காணப்படும் சாயல். அறுவைக்குப் பிறகு அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பிவிடும் என்றால், அது நரம்பின் உண்மையான சேதம் அன்று என்பது விளங்கும்.

இறுதியாக, செவிப்பறையின் அசைவையும் நடுக்காதுத் தசையின் எதிர்வினையையும் அளக்கும் இம்பீடன்ஸ் பரிசோதனை. செவிப்பறையின் அசைவு இயல்பாகவே இருந்தது. நடுக்காதில் நீர் இல்லை என்பது அதிலிருந்து தெரியும். பலமான ஒலி காதில் விழும்போது அங்கவடி எலும்போடு இணைந்த சிறு தசை சுருங்க வேண்டும். என் காதுகளில் அந்த எதிர்வினை பதிவாகவில்லை. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிடும் மையங்கள் ஏராளம். ஆனால் அதன் மதிப்பு மிகப் பெரியது. உடலின் சமநிலையை உணரும் உட்காதின் மேல் அரைவட்டக் குழாயின் எலும்புக் கூரையில் திறப்பு ஏற்பட்டவர்களுக்கும் ஆடியோகிராமில் இதே போன்ற இடைவெளி தோன்றலாம். அவர்களுக்கு அந்தத் தசையின் எதிர்வினை பெரும்பாலும் மாறாமல் இருக்கும். அதைக் கவனிக்காமல் அங்கவடி எலும்பை அறுத்தால் ஒரு பயனும் விளையாது. என் மருத்துவர் இந்தக் காரணத்தை விளக்கியே நுண்ணிய அளவில் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பினார். காரணம் சொல்லி எழுதிக்கொடுக்கப்படும் ஸ்கேனுக்கு நோயாளி தயங்க வேண்டியதில்லை. இந்த முழுப் பரிசோதனைச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து.

கருவிக்கு வருவோம். அறுவையா கருவியா என்ற கேள்வியில் கருவியைத் தோற்றவர்களின் தேர்வாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமற்றது. நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்குக் கருவி ஒலியைப் பெருக்கித் தந்தாலும் சொற்கள் தெளிவாக விழாமல் போகலாம். கொஞ்சம் கூட்டினாலே காது கூசலாம். நமக்கோ உட்காது நன்றாக இருப்பதால், கூட்டிய ஒலி உள்ளே சென்றவுடன் சொற்கள் அப்படியே விளங்குகின்றன. “உங்கள் உட்காது நன்றாக இருக்கிறது அம்மா, கருவி ஒலியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தால் மட்டும் போதும்” என்று எனக்குக் கருவியைச் சரிசெய்து தந்த ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் வல்லுநர்) சொன்னது முற்றிலும் உண்மை. என் வலக் காதில் கருவியோடு செய்த சொல் அறியும் சோதனையில் நான் தவறவிட்ட சொற்கள் மிகச் சிலவே.

ஆனால் கருவியைப் பொருத்தும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மையத்தில் தந்த கருவியின் முனையில் துளைகள் உள்ள மெல்லிய சிலிக்கான் குமிழ் ஒன்று இருந்தது. தாழ்ந்த சுருதிகள் நன்றாகக் கேட்டு, உயர்ந்த சுருதிகள் மட்டும் குறைந்தவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். ஓட்டோஸ்கிளிரோசிஸ் தொடக்கத்தில் தாழ்ந்த சுருதிகளையே அதிகம் பறிக்கிறது. கருவி பெருக்கிய தாழ்ந்த ஒலிகள் அந்தத் துளைகள் வழியாக வெளியே கசிந்துவிட, எனக்குக் கேட்டது மெலிந்த, கீச்சிடும் ஒலிதான். ஆண்களின் குரல் பாதி காணாமல் போனது. இரண்டாவது ஆடியாலஜிஸ்ட் காதில் பசைபோன்ற கலவையைச் செலுத்தி அச்செடுத்து, காதுத் துவாரத்தை இறுக அடைக்கும் வார்ப்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். அதே திறனுள்ள கருவி அந்த வார்ப்போடு சேர்ந்தவுடன் குரல்களுக்கு உடலும் கனமும் திரும்பின. அவர் செய்த இன்னொரு வேலையையும் பாராட்ட வேண்டும்: தலைமுடிபோன்ற மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகில் வைத்து, கருவி தரும் ஒலி அங்கே உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதன்படி கருவியைத் திருத்தினார். கணினியில் ஆடியோகிராமை ஏற்றி, அது காட்டும் அளவை அப்படியே விட்டுவிடுவது சரிசெய்வது ஆகாது. காதுக்குள் அளக்காமல் கருவியை விற்கும் இடத்தில் கருவி வாங்காதீர்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

கருவியின் குறைகள் நாள்தோறும் தெரிபவை. இறுக அடைக்கும் வார்ப்பால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்குகிறது, பழக நாளாகிறது. வெயில் காலத்தில் வார்ப்புக்குள் வியர்வை தேங்கிக் குழாயை அடைத்துவிடும். இரவில் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வைத்து உலர்த்துவது கட்டாயம். மூக்குக் கண்ணாடியின் கம்பியும் கருவியும் காதின் பின்னே ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பழுப்பு நிற ஒட்டுத்தாள் உள்ள 312 அளவு பேட்டரி என்னுடையதில் பயன்படுகிறது. இவ்வகைப் பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனால் இயங்குவது. ஒட்டுத்தாளை உரித்தவுடன் உள்ளே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். இந்தச் செய்தியைக்கூட எனக்கு முதல் மையத்தில் யாரும் சொல்லவில்லை. காற்று வீசும் வெளியிடத்தில் ஒலிவாங்கிகளில் காற்று மோதும் சத்தம் பேச்சை விழுங்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தூங்கும்போதும் குளிக்கும்போதும் கருவி இல்லை. அந்நேரங்களில் அந்தக் காது மூடிய காதுதான். இத்தனையும் சேர்த்து, நன்றாகப் பொருத்தப்பட்ட கருவிக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். அதை எந்நேரமும் கழற்றிவிடலாம், காது எந்த ஆபத்துக்கும் உள்ளாவதில்லை என்பதற்காகவே இந்த மதிப்பெண்.

அறுவை சிகிச்சை இன்றைய நிலைக்கு வந்த வரலாறு சற்று நீளமானது. அதைத் தெரிந்துகொண்டதால் என் அச்சம் குறைந்தது. 1870களில் யோஹான்னஸ் கெஸல் அசையாத அங்கவடி எலும்பை அசைத்துப் பார்த்தார். கிருமித்தொற்றை அடக்கும் மருந்துகளும் அறுவை நுண்ணோக்கியும் இல்லாத அக்காலத்தில் அது ஆபத்தானதாக இருந்ததால், அந்த நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ உலகமே அதைக் கைவிட்டது. 1938இல் ஜூலியஸ் லெம்பெர்ட் அரைவட்டக் குழாயில் புதிய சாளரம் திறக்கும் முறையை அறிவித்தார். 1952இல் சாமுவேல் ரோசன் எலும்பை அசைத்துவிடும் முறைக்கு மறுவாழ்வு தந்தார். 1956இல் ஜான் ஷியா அங்கவடி எலும்பையே அகற்றி, அவ்விடத்தில் டெஃப்லானால் ஆன செயற்கை உறுப்பைப் பொருத்திக் காட்டினார். இப்போது முழு எலும்பையும் அகற்றுவதில்லை. அடித்தட்டில் சிறு துளை மட்டும் இட்டு, அதில் பிஸ்டனை இறக்குகிறார்கள். பல பத்தாண்டுகளாகச் செம்மைப்பட்ட முறை இது.

எனக்கு அறுவை செய்தவர் முதல் சந்திப்பில் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். அனுபவமுள்ள கைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேருக்கு இடைவெளி 10 டெசிபலுக்குள் அடங்கிவிடும். நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தக் காது முற்றிலும் கேட்காமல் போகலாம், அது நேர்ந்தால் கருவியும் பயன்படாது. இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அழுத்தத்தோடு சொன்னார். அதன்பின், “கருவியைச் சில காலம் முறையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்லுங்கள், இதில் அவசரம் ஒன்றுமில்லை” என்றார். தாம் செய்யும் அறுவைக்கு மாற்றாக இருப்பதையும் எடுத்துச் சொல்லும் மருத்துவரைத்தான் நம்ப வேண்டும். மருத்துவரிடம் அவரது சொந்த முடிவுகளைக் கேளுங்கள். நூலில் உள்ள 90 என்ற எண் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் இதைச் செய்பவரிடம் என் காதை நான் ஒப்படைத்திருக்க மாட்டேன்.

கேட்கும் திறன் அதிகம் குறைந்த காதில்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது பொதுவிதி. ஒரே காதுதான் கேட்கிறது என்றால் அந்தக் காதைப் பெரும்பாலோர் தொடமாட்டார்கள். எனக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இலேசான மயக்க மருந்தோடு அறுவை நடந்தது. முழு மயக்கத்தில் செய்பவர்களும் உண்டு. காதுத் துவாரத்தின் வழியாகவே நுண்ணோக்கியின் கீழ்ச் செவிப்பறையைத் தோலோடு சேர்த்து மடித்துத் தூக்கி, அங்கவடி எலும்பை விரலால் தொடுவதுபோல் நுண்கருவியால் தொட்டு, அசையவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே மேற்கொண்டு செல்கிறார்கள். எலும்பின் மேற்பகுதியை அகற்றிவிட்டு, அடித்தட்டில் லேசராலோ நுண்துளைப்பானாலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளையிடுகிறார்கள். பிஸ்டனின் ஒரு முனை அந்தத் துளைக்குள் நிற்க, கொக்கி போன்ற மறுமுனை பட்டடை எலும்பைப் பற்றிக்கொள்கிறது. கொக்கி பற்றிய அந்தக் கணத்தில், அதுவரை எங்கோ தொலைவில் முணுமுணுத்துக்கொண்டிருந்த குரல்கள் என் காதருகே வந்து நின்றன. செவிலியர் தட்டில் கருவியொன்றை வைத்த ஓசை சுரீரென்று கேட்டது. மருத்துவர் மெல்லிய குரலில் ஓர் எண்ணைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டார், சொன்னேன்.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி யாரும் போதிய அளவு எச்சரிப்பதில்லை. காதை அடைத்து வைத்திருந்த பஞ்சை எடுக்கும்வரை மீண்டும் மந்தமாகத்தான் கேட்டது. சில நாட்கள் தலையைத் திருப்பினால் அறையே சுழன்றது. செவிப்பறைக்குப் பின்னே குறுக்காக ஓடும் சுவை நரம்பு நீட்டப்பட்டதால் நாக்கின் இடப்பக்கத்தில் உலோகச் சுவை ஒன்று பல வாரங்கள் தங்கிப் பிறகு மறைந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனமான பொருளைத் தூக்கக் கூடாது, மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது. திடீரெனத் தலைச்சுற்றல் கூடினாலோ, கேட்பது குறைந்தாலோ, முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்தாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த அறிவுரைகளை அச்சிட்ட தாளாகத் தராமல் வாய்மொழியாக மட்டும் சொல்லியனுப்பியது அந்த மருத்துவமனைச் சேவையின் பெருங்குறை. காது கேளாத ஒருவரிடம், அதுவும் ஒரு காது பஞ்சால் அடைபட்டிருக்கும் நிலையில், முக்கியமான செய்தியை வாயால் மட்டும் சொல்வது எப்படிப் பொருத்தமாகும்?

முடிவு என்னவென்றால், இடக் காதின் இடைவெளி பேச்சுக்குரிய சுருதிகளில் 10 டெசிபலுக்குள் அடங்கியிருக்கிறது. இரவில் படுத்தபின்னும் கேட்கிறது. மழையின் ஓசை கேட்கிறது. தொலைபேசியை இயல்பாக அந்தக் காதில் வைத்துப் பேச முடிகிறது. காற்றின் இரைச்சல் இல்லை, பேட்டரி இல்லை. காதுக்குள் இருந்த இரைச்சல் குறைந்திருக்கிறது. முற்றிலும் போய்விடவில்லை, அப்படிப் போகும் என்று யாரும் உறுதி தரவும் கூடாது. அங்கவடித் தசையின் நாண் என் அறுவையில் வெட்டப்பட்டதால், பலத்த ஒலிகளை மட்டுப்படுத்தும் அந்த இயற்கையான தடை இப்போது இல்லை. பாத்திரங்கள் மோதும் சத்தமும் காகிதத்தைக் கசக்கும் சத்தமும் தொடக்கத்தில் தாங்க முடியாதவையாக இருந்தன, இப்போது பழகிவிட்டன. அறுவைக்கு ஐந்துக்கு நான்கரை. அந்த அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அறுவையின் ஆபத்து அன்று, அதற்குப் பிந்திய சேவையின் போதாமை.

அப்படியானால் வலக் காதிலும் ஏன் செய்துகொள்ளவில்லை என்று பலர் கேட்கிறார்கள். இரண்டாவது காதுக்குக் குறைந்தது ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருக்கச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம், ஏனெனில் அறுவை செய்த காதில் தாமதமாகவும் பாதிப்பு தோன்றலாம். அந்தக் காலம் கடந்த பிறகும் நான் வலக் காதைக் கருவியோடு விட்டிருக்கிறேன். அங்கே கருவி நன்றாக வேலை செய்கிறது. கையில் இருக்கும் நல்ல தீர்வை நூற்றில் ஒன்று என்ற ஆபத்துக்கு இப்போது ஒப்புக்கொடுக்க எனக்கு மனமில்லை. வேறொருவர் வேறு முடிவு எடுப்பதும் சரியே.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோடியம் ஃபுளோரைடு 1960களிலிருந்து இந்நோய்க்குப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறது. நோய் பரவுவதை அது தடுக்கும் என்பதற்கான சான்று வலுவாக இல்லை, வயிற்று எரிச்சலும் வரலாம். கெட்டிப்பட்டுவிட்ட எலும்பை இளக்கி மீண்டும் அசையச் செய்யும் மருந்து எதுவும் கிடையாது. அப்படி விளம்பரம் செய்யும் எண்ணெயோ சொட்டு மருந்தோ எதுவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.

எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்னும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்கள் இந்த மதிப்புரையைப் படித்தால், ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொலாஜன் என்னும் புரதத்துக்குரிய மரபணுக்களின் குறையால் வரும் அந்த நோயில், பலருக்கு விழியின் வெண்பகுதி நீலமாகத் தோன்றும். வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கேட்கும் திறனும் குறையும். அங்கே அங்கவடி எலும்பின் கால்கள் மெலிந்தோ முறிந்தோ இருக்கலாம், அடித்தட்டு மட்டும் தடித்திருக்கலாம், இரத்தக் கசிவும் அதிகம் இருக்கலாம். நரம்புவழிக் குறைவும் அதோடு சேர்ந்து வருவதுண்டு. ஸ்டேபிடாட்டமி அவர்களுக்கும் செய்யப்படுகிறது, பயனும் தருகிறது. ஆனால் அத்தகைய காதுகளைப் பலமுறை கண்ட அறுவை மருத்துவரைத் தேடிச் செல்ல வேண்டும், முடிவுகளைப் பற்றிய எதிர்பார்ப்பிலும் சற்று நிதானம் வேண்டும். குழந்தைக்கு எலும்பு முறிவுகளுக்காக மட்டும் சிகிச்சை பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர், காதுப் பரிசோதனையையும் முறையாகச் செய்து வர வேண்டும்.

நோய் உட்காதின் எலும்பு முழுவதும் பரவி நரம்புவழிக் கேட்டலையும் அழித்துவிட்ட சிலருக்குக் கருவியும் பிஸ்டனும் போதாமல் போகலாம். அவர்களுக்கு, உட்காதில் மின்முனைகளைப் பொருத்திக் கேட்பு நரம்பை நேராகத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் உண்டு. எலும்பு இளகிய இடங்களின் வழியே மின்தூண்டல் கசிந்து முக நரம்பைத் துடிக்கச் செய்வது இந்த நோயில் சற்று அதிகம். அதைக் கணினியில் மின்முனைகளைத் திருத்திப் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். காதில் சீழ் வடிவதால் வார்ப்பே அணிய முடியாதவர்களுக்கு எலும்புவழிக் கருவிகள் இருக்கின்றன. இவ்விரண்டையும் நான் பயன்படுத்தியதில்லை என்பதால் மதிப்பெண் தரவில்லை.

பிஸ்டன் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காதில் இருப்பது டெஃப்லானா, டைட்டானியமா, வேறு உலோகமா, எந்த வகை, எந்த ஆண்டு பொருத்தப்பட்டது என்று குறிப்பிட்ட அட்டையை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்று பொருத்தப்படும் பிஸ்டன்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனால் ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் ஊழியர் உங்கள் வாய்ச்சொல்லை ஏற்கமாட்டார். எனக்கு அந்த அட்டையை அவர்களாகத் தரவில்லை. கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள். அதன் நகலொன்றை என் சகோதரியிடமும் கொடுத்து வைத்திருக்கிறேன்.